ஆணியில் தொங்கும் பிரேக் பேட்

ஓரியானோ ஸக்கேரியிடம் மோட்டார் சைக்கிளுக்குப் பிரேக் பேட் மாற்றப் போகிறவன் முதலில் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எங்கே ஓட்டுகிறாய்? எந்த நேரத்தில் ஓட்டுகிறாய்? பயந்தால் உன் கை என்ன செய்யும்? மூன்றாவது கேள்விக்கு இதுவரை எவனும் உண்மை சொன்னதில்லை. எனக்கென்ன பயம் என்று நெஞ்சை நிமிர்த்துவான். ஓரியானோவும் சரி என்று தலையாட்டிவிட்டு, ஒரு சுற்றுப் போய்விட்டு வா என்று அனுப்புவார். அவன் திரும்பி வரும்போது பட்டறைக் கதவின் பின்னாலிருந்து ஒரு தகர வாளியை அவன் சக்கரத்துக்கு முன்னால் உருட்டிவிடுவார். கத்துவான், ஏசுவான், சிலபேர் அவருடைய அம்மாவையும் இழுப்பார்கள். அவர் காதில் எதுவும் ஏறாது. கண் அவன் வலது கையில்தான் இருக்கும். அந்தக் கை என்ன செய்தது என்று பார்த்த பிறகுதான் அலமாரியைத் திறப்பார்.

ரோக்காவெர்னாவில் பிறந்தவர்களுக்கு இதெல்லாம் கிறுக்குத்தனமாகத் தோன்றாது. இத்தாலியில், ரொமான்யாவின் இந்த மலைகளில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர்களைவிட, கணவாய் உச்சியில் இருக்கும் பாரின் முன்னால் வண்டியைச் சாய்த்துவிட்டுக் காப்பி குடிக்கிறவர்கள் அதிகம். அங்கே ஒருவன், "இது ஓரியானோ கை வெச்ச முன்பக்கம்" என்று சொன்னால் மற்றவர்கள் எழுந்து வந்து பார்ப்பார்கள். பேட் மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவனை அவருக்கு ஆகாது. வீங்கிப்போகும் ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டுக் கம்பி பின்னிய குழாய் போடுவார். தண்ணீர் கோத்த பழைய பிரேக் ஆயிலை ஒரு சொட்டு விடாமல் வெளியேற்றுவார். பிரேக் பிடித்ததும் வண்டி மூக்குக் குப்புற விழாமல் இருக்க முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஆயிலைக் கெட்டியாக்குவார். கடைசியில் பிரேக் லிவரை ஆளின் விரலுக்கு ஏற்றபடி வைப்பார். "ரெண்டு விரல் போதும். மூணாவது விரல் தேவைப்பட்டா தப்பு உன்மேல இல்ல, என்மேல" என்பார். இந்தப் பேச்சை ஊரே மனப்பாடமாகச் சொல்லும்.

அவருடைய வேலை மேசைக்கு மேலே சுவரில் ஓர் ஆணி. அதில் கம்பியில் கோத்து ஒரு ஜோடி பேட் தொங்கும். கடற்கரைப் பக்கத்துப் பந்தய வட்டத்தில் கொடி காட்டப் போகும் அவருடைய நண்பன் லேயார்கோ கொண்டுவந்து கொடுத்தது. பந்தயம் முடிந்தபின் பாதி தேய்ந்த பேட்களைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது புனிதரின் எலும்பு மாதிரி. கல்யாணப் பரிசாகக்கூடக் கொடுத்திருக்கிறார்கள். ரொட்டிக்கடை தெல்விஸ் அந்த ஜோடிக்காக ஓரியானோவின் காலைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"அதை என் வண்டிக்குப் போடேன் அண்ணே. சும்மாதானே தொங்குது?"

"சும்மாவே தொங்கட்டும். இது சூடு கேக்கும்டா. வட்டத்துல நூறு தடவ புடிச்சுப் புடிச்சு டிஸ்க் கொதிச்சாத்தான் இது கண்ணு முழிக்கும். நீ விடியக்காலைல ரொட்டி போடப் போறப்போ இது குறட்டை விட்டுட்டு இருக்கும். நீ நேரா போய்ச் சேர்ந்துருவ."

"எங்க?"

"உங்க தாத்தாகிட்ட."

இப்படி ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன்தான். அதனால்தான் இதைச் சொல்லும்போது எனக்கே ஆத்திரம் வருகிறது. தெரியாமல் செய்தவனை மன்னித்துவிடலாம்.

அவருக்கு ஒரே மகள், இல்வா. ஒன்பது வயதில் தாயை இழந்து பட்டறையிலேயே வளர்ந்தவள். முப்பத்து மூன்று வயதில் அடிவாரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். எட்டரை மணி வேலைக்கு எட்டு மணிக் குளிரிலேயே மலையிறங்குவாள். போன அக்டோபரில் ஒரு கார் குறுக்கே வந்து, ஒரு சாண் இடைவெளியில் நின்று தப்பித்தாள். வீட்டுக்கு வந்ததும் வண்டியை நேரே பட்டறைக்குள் உருட்டிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, முன் பிரேக் கட்டை மாதிரி இருக்கு. புடிக்கிறேன், புடிக்கிறேன், நிக்கவே மாட்டேங்குது."

வேறு யாராவது இப்படி வந்து நின்றிருந்தால் மூன்று கேள்வியும் வாளியும் உண்டு. எந்த நேரத்தில் ஓட்டுகிறாய் என்ற ஒரு கேள்வியை மகளிடம் கேட்டிருந்தாலே போதும். கேட்கவில்லை. வீட்டில் இருப்பதிலேயே உசத்தியானதை மகளுக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஒரே நினைப்பு. ஆணியிலிருந்து அந்த ஜோடியை எடுத்துப் போட்டுவிட்டார். ஆணி வெறுமையாகத் தெரியக் கூடாது என்று ஒரு பழைய கையுறையை அதில் மாட்டினார். தெல்விஸ் பார்த்தால் எனக்கு மட்டும் கிடையாதா என்று உயிரை வாங்குவான் அல்லவா.

கணக்குப் போடாமலும் இல்லை. வீட்டிலிருந்து ஆற்றுப் பாலம் வரை எட்டு வளைவுகள். எட்டிலும் அவள் பிரேக்கைத் தொட்டே ஆக வேண்டும். பாலத்துக்கு வருவதற்குள் பேட் சூடாகிவிடும், அதற்கப்புறம்தானே போக்குவரத்து என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார். என்ன பேட் என்று அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பயந்துகொண்டே ஓட்டுவாள், பயந்த கை கெட்ட கை என்பது அவர் கட்சி.

"புதுசு போட்டிருக்கேன்மா. ரெண்டு விரல் போதும்."

அவள் கணவாய் வரை போய்விட்டு வந்து ஹெல்மெட்டோடு அவரைக் கட்டிக்கொண்டாள். "என்னப்பா பண்ண? சுவத்துல முட்டுன மாதிரி நிக்குது!" அன்று இரவு சாப்பாட்டில் ஓரியானோ வழக்கத்தைவிட ஒரு கிளாஸ் சாஞ்சோவேஸே ஒயின் கூடக் குடித்தார்.

அவளுக்குப் பதினாறு வயதில் அவர் சொல்லிக்கொடுத்த இன்னொரு பாடமும் உண்டு. உறைபனி விழுந்த ரோட்டில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது. இரண்டாவது கியரில் இஞ்சின் பிடியிலேயே இறங்கி வர வேண்டும். அவள் அப்பன் சொல்லைத் தட்டாத பிள்ளை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு வளைவிலும் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. இல்வா இரண்டாவது கியரில், லிவரில் விரல் படாமல், பத்திரமாக இறங்கி வந்தாள். பாலத்தில் வெயில் பட்டு ரோடு காய்ந்திருந்தது. அப்பாடா என்று வேகம் எடுத்தாள். பாலத்தின் மறுமுனையில் முயல் கூண்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு வந்த தெர்ட்ஸோ, எழுபத்தெட்டு வயது, சாக்குமூட்டையோடு ரோட்டைக் கடந்தார். இல்வா இரண்டு விரலால் பிடித்தாள். வண்டி நிற்கவில்லை. நான்கு விரலாலும் பிடித்தாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. தெர்ட்ஸோ மூன்றாம் நாள் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே, அவளுடைய வார்டுக்கு அடுத்த வார்டில் செத்துப்போனார்.

விபத்தான வண்டிகளைத் தூக்கிவர அந்த வட்டாரத்தில் இருந்தது ஓரியானோவின் வேன் ஒன்றுதான். போலீஸ் அவரைத்தான் கூப்பிட்டார்கள். மகளை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, வண்டியை வேனில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். டிஸ்க்கில் கை வைத்துப் பார்த்தார். பனிக்கட்டியாக இருந்தது. உறைபனியில் அவள் பிரேக்கைத் தொடாமலே இறங்கியிருக்கிறாள், பேட் சூடாகவே இல்லை என்று அவருக்கு விளங்கிவிட்டது. பரிசோதகர் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஓரியானோவின் சொந்த வண்டியும் அதே வகை, நாலு வருஷம் பழையது, பேட் அளவும் ஒன்றே. அதிலிருந்த சாதாரண பேட்களைக் கழற்றி மகள் வண்டியில் போட்டார். பந்தய பேட்களைத் துடைத்து, கையுறையை எடுத்துவிட்டு, பழையபடி ஆணியில் மாட்டினார். இருபது நிமிஷ வேலை. அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவ்வளவு சுத்தமாக வேலை செய்ததில்லை.

மகளுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டாள் என்பதற்காகச் செய்தேன் என்று பல மாதம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பொய். ஓரியானோ கை வைத்த முன்பக்கம் நிற்கவில்லை என்று ஊர் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். அந்த இருபது நிமிஷமும் மகளின் முகம் அவர் நினைவிலேயே இல்லை.

பரிசோதகர் பார்த்தார், அழுத்தினார், எழுதினார். பிரேக்கில் கோளாறு இல்லை, ஓட்டியவரின் கவனக்குறைவு. இல்வா அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

"என் கைதான் லேட்டுப்பா. புடிச்சேன்னு நெனச்சேன். புடிக்கல."

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். அப்போது பந்தய பேட் ஆணிக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதுவரை அங்கே கையுறை தொங்கியது வந்து போனவர்களுக்கு ஞாபகம் இருந்திருக்கும். ஓரியானோ சூப்பைக் கிண்டிக்கொண்டே நின்றார்.

கட்டுப் பிரித்ததும் இல்வா வண்டியைத் தார்ப்பாயால் மூடினாள். வேலைக்கு பஸ்ஸில் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தெர்ட்ஸோவின் மனைவி ஈரிதே வீட்டுக்கு நடந்து போனாள். முதல் இரண்டு வாரம் அந்தக் கிழவி கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் வாரம் திறந்து, "முயலுக்குப் புல் அறுக்க ஆளில்ல" என்றாள். அன்றிலிருந்து இல்வா புல் அறுத்தாள், கிழவிக்குச் சர்க்கரை ஊசி போட்டாள், திரும்பி வந்தாள். வீட்டில் சாப்பிட உட்காரும்போது அவளுடைய வலது கையின் விரல்கள் மேசை ஓரத்தைப் பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும். ஓரியானோ தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். பட்டறைக்கு வந்தவர்களிடம் அவர் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். வாளி மூலையில் கிடந்தது. அலமாரியிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தார். அப்போதும் அவனவன் ஓரியானோ கை வைத்த முன்பக்கம் என்று பெருமையடித்துக்கொண்டுதான் போனான்.

வழக்கு ஜூன் மாதம் வந்தது. வியாழக்கிழமை நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போவதாக இல்வா வக்கீலிடம் சொல்லிவிட்டாள். ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்று வக்கீல் சொன்னதற்கு, "குறைக்கச் சொல்லி நான் கேக்கலையே" என்றாளாம். அதைக் கேட்ட அன்றுதான் ஓரியானோவுக்குத் தாங்கவில்லை. திங்கட்கிழமை முகச்சவரம் செய்து, பேட் ஜோடியை ஆணியிலிருந்து எடுத்து, காவல் நிலையத்துக்குப் போனார்.

அங்கே அதிகாரி வென்துரெல்லி. அவரும் ஓரியானோவின் வாடிக்கையாளர்தான், வாளிக்குத் தப்பாதவர். நடந்ததையெல்லாம் ஓரியானோ ஒன்று விடாமல் சொன்னார். வென்துரெல்லி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அண்ணே, இது லேயார்கோ கொடுத்ததுதானே?"

"ஆமா."

"உங்க மேசைக்கு மேல தொங்குறது. மார்ச்ல நான் ஆயில் மாத்த வந்தப்போகூடப் பாத்தேனே."

"பிப்ரவரில இல்ல. அக்டோபர்லேருந்து பிப்ரவரி வரைக்கும் அவ வண்டில இருந்துச்சு. ஆணில கையுறை மாட்டியிருந்தேன். யாரை வேணா கேளுங்க!"

"கேட்டா என்ன சொல்லுவாங்க? அது எப்பவும் அங்கதான் தொங்குதுன்னு சொல்லுவாங்க. நானே அதத்தான் சொல்லுவேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் பொண்ணு இருக்கா அண்ணே. நான் உங்க இடத்துல இருந்தா நானும் இப்படி ஏதாவது ஒண்ணத் தூக்கிட்டு வந்து நின்னிருப்பேன். நீங்க சொன்னது என் காதுல விழல. வீட்டுக்குப் போங்க."

ஓரியானோ மேசையில் குத்தினார், கெஞ்சினார், என்னைப் பிடித்து உள்ளே போடுங்கள் என்றார். வென்துரெல்லி அவருக்கு ஒரு காப்பி வரவழைத்துக் கொடுத்தார்.

மகளிடம் சொல்வதுதான் மிச்சம். மாலையில் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் பேட்களை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னார். பெயருக்காகத்தான் மாற்றினேன் என்பதையும் சொன்னார். இல்வா கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டாள்.

"யாரு சொல்லிக் கொடுத்தா? வக்கீலா?"

"யாரும் இல்லம்மா. சத்தியம். உங்க அம்மா மேல சத்தியம்."

"அம்மாவ இழுக்காத. நாலு மாசமா இல்லாத கதை வழக்குக்கு மூணு நாள் முன்னால எங்கிருந்துப்பா வருது?"

தான் ஒரு கோழை என்பதைத் தவிர அவரிடம் வேறு பதில் கிடையாது. அதையும் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். ஊருக்கே புத்தி சொன்ன அப்பன், தெல்விஸுக்கே மறுத்தவன், பெத்த மகள் வண்டியில் அதைப் போட்டிருப்பான் என்று அவளால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

"வா, காட்டுறேன்" என்றார் ஓரியானோ. "என் வண்டில மாட்டறேன். நீ பாலத்துல நில்லு. நிக்காது பாரு. உன் கண்ணாலயே பாரு."

மறுநாள் அவளுக்கு விடுமுறை. காலை பத்து மணிக்கு அவள் பாலத்தின் மறுமுனையில், தெர்ட்ஸோ விழுந்த இடத்தில் போய் நின்றாள். அங்கே ஈரிதே வைத்த பூச்சட்டி ஒன்று இருந்தது. ஜூன் வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. ஓரியானோ வீட்டிலிருந்து கிளம்பி எட்டு வளைவையும் அவளைப் போலவே இரண்டாவது கியரில் இறங்கி, பாலத்தில் வேகம் எடுத்து, பாதியில் இரண்டு விரலால் லிவரைப் பிடித்தார். அறுபத்தோரு வயதில் அவர் கடவுளிடம் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்று, வண்டி நிற்கக் கூடாது.

ஆணி அடித்த மாதிரி நின்றது. பின் சக்கரம்கூட லேசாகத் தூக்கிவிட்டு இறங்கியது. மகளுக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவே ஐந்தாறு மீட்டர் இடம் மிச்சமிருந்தது.

"இது... இன்னொரு தடவ..." என்றார். திரும்பிப் போய் மறுபடி வந்தார். மறுபடியும் நின்றது. முன்பைவிட நன்றாகவே நின்றது. மூன்றாவது தடவைக்கு அவர் வண்டியைத் திருப்பியபோது இல்வா குறுக்கே வந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

"நிக்குதுப்பா. போதும்."

"குளிர்ல பாக்கணும்மா. பிப்ரவரில பாக்கணும். அன்னைக்கு டிஸ்க் பனிக்கட்டி. வெயில்ல இது..."

"அப்பா." அவள் அழவில்லை. மாதக்கணக்கில் அவர் பார்க்காத ஒரு கனிவு அவள் முகத்தில் இருந்தது. "எனக்காக உன் பேரையே கெடுத்துக்க வந்த பாரு. ஊரெல்லாம் உன்ன கொலகாரன்னு சொன்னாலும் பரவால்லன்னு வந்த. அது போதும் எனக்கு. என் கை செஞ்சதுக்கு என் கைதான் பதில் சொல்லணும். வா, வீட்டுக்குப் போலாம்."

பிப்ரவரிக்குப் பிறகு முதல்முறையாக அவள் வண்டியில் ஏறினாள். பின்னால் உட்கார்ந்து, சின்ன வயதில் செய்வதுபோல இரண்டு கையாலும் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஓரியானோ மெதுவாக மலையேறினார். முதல் வளைவைத் தாண்டி இரண்டாவதில் திரும்பும்போது தன் வலது கையைப் பார்த்தார். ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலையே இல்லை. ஆனாலும் இரண்டு விரல்களும் லிவரின்மேல் கிடந்து, மெல்ல அழுத்தி, விட்டு, அழுத்திக்கொண்டிருந்தன. புது பேட் போட்ட எந்த வண்டியையும் அப்படி உரசி உரசிச் சூடாக்கித்தான் வெளியே விடுவார். நாற்பது வருஷப் பழக்கம். இறங்கி வந்த எட்டு வளைவிலும் அந்தக் கை அவரைக் கேட்காமலே அதைத்தான் செய்திருக்கிறது.

வண்டியை ஓரம் கட்டினார்.

"இல்வா, கைம்மா. என் கைதான். வரும்போதே வளைவுக்கு வளைவு தொட்டுட்டே வந்திருக்கேன், எனக்கே தெரியல. சூடாயிடுச்சு. அதான் நின்னுச்சு. நீ அன்னைக்குத் தொடவே இல்லல்ல, பனின்னு. நான் சொல்லிக் கொடுத்ததுதானே அது..."

அவள் கன்னம் அவர் முதுகில் பதிந்திருந்தது. அங்கிருந்தே பேசினாள்.

"சரிப்பா. நீ சொல்றதெல்லாம் சரி. இப்ப ஓட்டு."

ஓரியானோ கியரைப் போட்டு ஓட்டினார். வியாழக்கிழமை நீதிமன்றத்தில் அவள் தன் கை தாமதமாகிவிட்டது என்று சொன்னாள். அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டார்.